‘விட்டுவிடு’ என்னும் தீர்ப்பு: நோவும் துவிச்சக்கர வண்டியும்

கல்முனைக் கரையோரத்து ஊர்களில் அஸர்த் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுது துவிச்சக்கர வண்டிகளின் பொழுதாகும். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரையும், அதற்கப்பால் அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரையும் நீண்டு கிடக்கும் நிலத்தில் மேடு என்று சொல்லத்தக்க மேடு கிடையாது. வெயில் தணிந்ததும் இளைஞர் இருவர் மூவராகக் கடற்கரை வீதியிற் சைக்கிள் மிதிப்பர். நடுவயதினர் மேற்கே வட்டைப் பக்கம் சென்று, வாய்க்காற் கட்டில் வண்டியைச் சாய்த்துவைத்துவிட்டுக் கதைத்திருப்பர். வாங்குவதற்கு ஒன்றுமில்லாதபோதும் சந்தைவரை போய் மீள்வோரும் உளர். நுழைவுச் சீட்டும் செலவும் வேண்டாத இப்பொழுதுபோக்கு, செல்வரும் எளியோரும் ஒரே வீதியில் ஒரே வேகத்திற் செல்லும் அரிய சந்தர்ப்பங்களுள் ஒன்றாகும்.

இக்கூட்டத்திலிருந்து ஒருநாள் ஒருவர் விலகுகின்றார். முதல் வாரம் தோழர் விசாரிக்கின்றனர். இரண்டாம் மாதம் எவரும் விசாரிப்பதில்லை. வண்டி வீட்டுச் சுவரிற் சாத்தப்படுகின்றது. டயரிற் காற்று இறங்குகின்றது. சங்கிலியிற் கறள் ஏறுகின்றது. இறுதியில் அது மருமகன் கைக்கோ பழைய இரும்பு வாங்குபவன் கைக்கோ போய்ச் சேர்கின்றது. கேட்டால் கிடைக்கும் விடை ஒன்றே: “காய்ச்சல் சுகமாகிவிட்டது, மூட்டு நோவு போகவில்லை.” இதற்கு வீடும் ஊரும் மருந்துக் கடையும் ஒன்றுகூடி வழங்கும் தீர்ப்பும் ஒன்றே: “சைக்கிளை விட்டுவிடு.”

அன்பின் பேரால் வீடும், பொறுமையின் பேரால் ஊரும், சிகிச்சையின் பேரால் மருந்துக் கடையும் வழங்கும் இத்தீர்ப்பு பிழையானது. மருத்துவ அறிவுக்கும், இவ்வூர்கள் நாடோறும் பின்பற்றும் மார்க்கத்தின் நெறிக்கும், சமுதாய நீதிக்கும் அது முரணானது. இதனை நிறுவுவதற்கு முதற்கண் அந்நோவின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

1952ஆம் ஆண்டிற் கிழக்காபிரிக்காவில், இன்று தன்சானியா எனப்படும் நாட்டின் தென்பகுதியிலுள்ள நெவாலாப் பிரதேசத்தில், காய்ச்சலோடு கடும் மூட்டு நோவைத் தந்த கொள்ளைநோயொன்று பரவியது. அங்கு வாழும் மக்கொண்டே மக்கள் அதற்குச் ‘சிக்குன்குனியா’ எனப் பெயரிட்டனர். வளைத்து முடக்குவது என்பது அதன் பொருள். நோயாளி நோவினாற் கூனிப்போகும் தோற்றத்தையே அப்பெயர் குறிக்கின்றது. 1960களில் இந்நோய் இந்தியாவிலும் இலங்கையிலும் தலைகாட்டியது. பின்னர் நீண்டகாலம் மறைந்திருந்தது. 2004இற் கென்யாக் கரையிலுள்ள லாமுத் தீவில் மீண்டும் எழுந்து, 2005, 2006 ஆண்டுகளில் இந்துமாக்கடலின் ரெயூனியன் தீவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மக்களைப் பீடித்தது. 2006இன் இறுதியில் அது இலங்கையை அடைந்தபோது மட்டக்களப்பு, புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் முதலிய பகுதிகளோடு கல்முனையும் அதன் பிடிக்குள் அகப்பட்டது.

அக்காலம் எத்தகையது என்பது மறக்கத்தக்கதன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையை விழுங்கி இரண்டாண்டுகள்தாமும் நிறைவுற்றிருக்கவில்லை. இலங்கையில் அவ்வலை மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறையே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் அத்திவாரங்களாக மட்டும் எஞ்சின. தகரக் கொட்டில்களிலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் மழைநீர் தேங்கிய பாத்திரம், பீப்பாய், டயர், சிரட்டை என்பனவற்றிற் பெருகும் ஈடிசு நுளம்பே இந்நோயைக் காவுவது. அது பகலிற் கடிக்கும் நுளம்பு. இரவு வலை அதனைத் தடுக்காது. 2024இன் பிற்பகுதியில் தொடங்கி 2025இல் இந்நோய் இலங்கையில் மீண்டும் பரவியமை, இது கடந்தகாலக் கதையன்று என்பதை உணர்த்தப் போதுமானது.

இந்நோயின் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துள் தணிந்துவிடும். உயிர்ச்சேதம் அரிது. ஆதலாற் பலர் இதனைச் சிறு நோயெனக் கருதுகின்றனர். ஆயின், காய்ச்சல் போனபின்பும் விரல், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் நோவு தங்கிவிடுவோர் பலர். மூன்று மாதங்களுக்கு மேல் அது நீடிப்பின் நாட்பட்ட நிலை எனக் கொள்வர் மருத்துவர். சிலரிடத்து அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். காலையில் விரல் மடங்காது. படுக்கையிலிருந்து இறங்கும் முதலடி நெருப்பில் வைத்ததுபோலிருக்கும். நண்பகலிற் சற்று இளகும். ஒருநாள் விட்டு மறுநாள் வேறொரு மூட்டில் தோன்றும். வயது கூடியோரிடத்தும் பெண்களிடத்தும் இந்நிலை அதிகமெனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் காயமில்லை, கட்டில்லை. எனவேதான் “இன்னுமா நோகிறது?” என்னும் வினா எழுகின்றது. சொல்லிற் சிறியதாயினும், நோயாளியின் உண்மையையே சந்தேகிக்கும் வினா அது.

இனி, ‘விட்டுவிடு’ என்போரின் வாதங்களைத் தனித்தனியே ஆராயலாம்.

முதலாவது வாதம் பின்வருமாறு: “ஆயிரக்கணக்கில் மையித்துகளை அடக்கிய மண் இது. யுத்தத்தையும் பார்த்தோம், கடலையும் பார்த்தோம். அவற்றின் முன் மாலையிற் சைக்கிள் ஓடமுடியவில்லை என்பது ஒரு துயரமா?” மேலோட்டமாக நோக்கின் இது நியாயமான வாதம்போலத் தோன்றும். ஆயின் பேரிழப்பை அளவுகோலாக்கி ஏனைய இழப்புகளை அளக்கத் தொடங்கின் எத்துன்பமும் துன்பமாகாது. பேரலையில் மனைவியை இழந்தவனுக்கும் பல்வலி பல்வலியே. பேரழிவைக் கண்ட சமுதாயத்திற்குச் சிறு மகிழ்ச்சிகள் ஏனையோரைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகின்றன. வீட்டையும் உறவையும் இழந்து கொட்டிலில் இருந்தவருக்கு, மாலையில் ஒரு மணிநேரம் காற்றுவாங்கிச் சைக்கிள் மிதித்தமை அன்று எஞ்சியிருந்த சில மகிழ்ச்சிகளுள் ஒன்று. கடல் விட்டுவைத்ததை நுளம்பு பறித்தது. அதனைச் சொல்லிக் கவலைப்படவும் அவருக்கு உரிமையில்லை என்பது இரக்கமற்ற கணக்காகும்.

மேலும், அவ்வொரு மணிநேரத்தில் அவர் இழப்பது சக்கரத்தின் சுழற்சியை மட்டுமன்று. தோழமை அவ்வண்டியின் மீதே ஏறிச் செல்கின்றது. வட்டைக் கட்டில் நடக்கும் பேச்சிலேயே விதைநெல்லின் விலை தெரியவருகின்றது; கலியாணப் பேச்சு தொடங்குகின்றது; மனவருத்தம் தீர்கின்றது. அங்கு செல்லமுடியாதவர் மெல்லமெல்ல ஊரின் செய்தியிலிருந்தே விலக்கப்படுகின்றார். நாட்பட்ட நோவின் கொடுமை மூட்டிற் பாதியும் தனிமையில் மீதியுமாக அமைகின்றது. ‘சைக்கிள்தானே’ என்போர் இப்பிற்பாதியைக் காண மறுக்கின்றனர்.

இரண்டாவது வாதம் ‘ஸபூர்’ என்னும் பொறுமையின் பேரால் வருவது. “அல்லாஹ் தந்த சோதனை, ஸபூர் செய், ஓட்டத்தை விடு, வீட்டில் இரு” என்பது அதன் சாரம். பொறுமை உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் பொறுமையும் வாய்மூடலும் ஒன்றாகா. பொறுமைக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படும் அய்யூப் நபியின் வரலாற்றை இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். அவர் தமக்கு நேர்ந்த துன்பத்தை இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டார் என்றே திருக்குர்ஆன் கூறுகின்றது. அம்முறையீடு அவருடைய பொறுமைக்கு இழுக்காகக் கருதப்படவில்லை. அவருக்குக் கிடைத்த மறுமொழியும் ‘அசையாதிரு’ என்பதன்று. காலால் நிலத்தைத் தட்டுமாறு அவர் பணிக்கப்பட்டார். அவ்விடத்திற் குளிப்பதற்கும் குடிப்பதற்கும் உரிய குளிர்ந்த நீர் வெளிப்பட்டது. நோயாளியை நோக்கி ‘அய்யூப் நபியைப்போல இரு’ என்போர், அவர் முறையிட்டதையும் கால் அசைத்ததையும் மறைத்துவிட்டு, அவர் சகித்ததை மட்டும் எடுத்துக்கொள்வது ஏன்?

இதனினும் அண்மையான சான்றொன்று ஒவ்வொரு பள்ளிவாசலிலும் நாளுக்கு ஐந்து வேளை காணக்கிடைக்கின்றது. நின்று தொழ இயலாதவர் இருந்து தொழலாம். இருக்கவும் இயலாதவர் படுத்துத் தொழலாம் என்பது எல்லோரும் அறிந்த சட்டம். முழங்கால் மடங்காத முதியவர் கதிரையில் அமர்ந்து வரிசையிற் சேர்ந்துகொள்கின்றார். “உனக்கு முழங்கால் நோவு; ஆகவே தொழுகையை விட்டுவிடு” என எவரும் அவரிடம் கூறுவதில்லை. இயன்ற அளவிற்குச் செய், இயலாத அளவிற்கு இறங்கு, ஆனால் வரிசையை விட்டு வெளியேறாதே என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். கடமையான வணக்கத்திலேயே இத்துணை இளக்கம் காட்டக் கற்ற சமுதாயம், மாலைச் சைக்கிளோட்டத்தில் மட்டும் ‘முழுமையாகச் செய் அல்லது முழுமையாக விடு’ என விறைத்து நிற்பது விந்தையே. ஐந்து மைல் ஓடியவர் ஒரு மைல் ஓடட்டும். ஒரு மைல் இயலாத நாளில் தெருமுனைவரை போகட்டும். அதுவும் இயலாத நாளில் வண்டியைத் துடைத்துவைக்கட்டும். வரிசை முறியாதிருப்பதே வேண்டப்படுவது.

மூன்றாவது வாதமே வலிமையுடையதாகத் தோன்றுவது. ஏனெனில் அது மருத்துவத்தின் மொழியிற் பேசுகின்றது. “மூட்டுக்கு ஓய்வு வேண்டும், மிதித்தால் தேயும்” என்பர். காய்ச்சலும் வீக்கமும் உச்சத்திலுள்ள முதல் நாட்களில் ஓய்வு அவசியமே. ஆயின் அந்நாட்களுக்குரிய கட்டளையை ஆண்டுகளுக்கும் நீட்டிப்பது பெருந்தவறு. அசைவில்லாத மூட்டு இறுகும். பயன்படாத தசை மெலியும். மெலிந்த தசை மூட்டைத் தாங்காது. தாங்கப்படாத மூட்டு மேலும் நோகும். நோவதால் மேலும் அசையாதிருப்பர். ஓய்வே நோவை வளர்க்கும் வட்டம் இது. நாட்பட்ட மூட்டு நோவுக்கு அளவான, ஒழுங்கான அசைவு மருந்தாகும் என்பது இன்று மருத்துவ உலகில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. அவ்வசைவுகளுள் சைக்கிள் மிதித்தல் சிறப்பிடம் பெறுவது. உடலின் பாரத்தில் பெரும்பகுதியைச் சீற் சுமக்க, முழங்கால் அடியதிர்ச்சியின்றி வட்டமாக இயங்குகின்றது. கல்முனைக் கரையோரம் போன்ற சமதரையில் இவ்வசைவு மேலும் இலகுவாகின்றது. இயற்கையே கொடுத்த இம்மருந்தைக் கையிலிருந்து பறித்துவிட்டு, அதற்கு ஈடாகக் குளிசைப் பையைக் கொடுப்பதே ‘விட்டுவிடு’ என்னும் தீர்ப்பின் விளைவாகும்.

குளிசையைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். இந்நோயின் கிருமியை ஒழிக்கும் தனிமருந்து இதுவரை இல்லை. நோவைத் தணிக்கும் மருந்துகளே உள. மருத்துவரின் கண்காணிப்பிற் குறித்த காலத்திற்கு உட்கொள்ளின் அவை பயன் தருவன. கடையில் துண்டு காட்டாது வாங்கி மாதக்கணக்கில் விழுங்கின், அவற்றுட் சில இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். உட்பொருள் இன்னதெனக் கூறப்படாத தூள்களும், ‘ஒரே ஊசியில் மூன்று மாதம் நோவில்லை’ என்னும் வாக்குறுதிகளும் இதனினும் ஆபத்தானவை. அத்தகையவற்றில் ஸ்டெரொயிட் கலந்திருப்பின் தொடக்கத்தில் அற்புதம்போலத் தோன்றும் நிவாரணம், நாளடைவில் எலும்பை மெலிவித்துச் சீனி நோயையும் கூட்டும். நோயாளியைச் சைக்கிளிலிருந்து இறக்கி வீட்டிலிருத்துவது, அறிந்தோ அறியாமலோ, இவ்வியாபாரத்திற்கு ஒரு வாடிக்கையாளனைக் கொடுப்பதாகும்.

இதற்கு மறுதலையான தவறும் ஒன்று உண்டு. “மனத்திடம் இருந்தால் எல்லாம் முடியும், நோவைப் பார்க்காதே, ஓடு” என்னும் வீராவேசம் அது. இதுவும் ‘விட்டுவிடு’ என்பதன் உடன்பிறப்பே. நோவு குறைந்த நாளில் இழந்ததையெல்லாம் ஒருசேர மீட்க எண்ணி ஒருவர் சாய்ந்தமருதிலிருந்து ஒலுவில்வரை மிதிக்கின்றார். அடுத்த நான்கு நாட்கள் படுக்கையிற் கிடக்கின்றார். ஐந்தாம் நாள் வண்டியை விற்க முடிவுசெய்கின்றார். அவரைத் தோற்கடித்தது நோவன்று. நல்ல நாளின் பேராசை. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறத்தாழ ஒரே அளவு செய்தல், இயலும் எனத் தோன்றும் எல்லைக்குச் சற்று முன்னரே நிறுத்துதல், மறுநாட் காலை மூட்டு என்ன சொல்கிறது எனக் கேட்டு அளவை வாரத்திற்குச் சிறிது கூட்டுதல் என்பனவே நாட்பட்ட நோவோடு வாழ்வோர்க்கு மருத்துவர் கூறும் நெறி. மூட்டு வீங்கிச் சூடாயின், காலை இறுக்கம் நீண்டநேரம் விலகாதாயின், அது வாதநோய் மருத்துவரிடம் காட்டவேண்டிய நிலையாகும். அவருட் சிலர்க்கு நீண்டகால மருந்து இன்றியமையாததாகலாம். அத்தகையோர் மருத்துவரின் அனுமதியோடு மீண்டும் வண்டியேறுவதே முறை.

கருவியை உடலுக்கேற்ப மாற்றுவது ஒருவன் தோற்றதன் அடையாளம் என்னும் எண்ணமும் களையப்படல் வேண்டும். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் வாழ்க்கை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1897இல் அவர் சைக்கிளிலிருந்து விழுந்து வலக்கையை முறித்துக்கொண்டார். அதனையடுத்த ஆண்டுகளில் மூட்டுவாதம் முற்றி அவர் விரல்கள் கோணின. 1912 அளவில் அவர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். ஆயினும் 1919இல் இறக்கும்வரை வரைந்தார். இயன்ற காலமெல்லாம் சிறு பந்துகளை எறிந்து பிடித்து விரலுக்கும் கைக்கும் பயிற்சி கொடுத்தார். பெரிய ஓவியத் துணியைத் தறியின் பாவுபோல உருளையிற் சுற்றித் தம் கை எட்டும் இடத்திற்குக் கொண்டுவரும் ஏற்பாட்டையும் செய்துகொண்டார். கை துணியை எட்டாதபோது துணியைக் கைக்குக் கொண்டுவருவது என்னும் இச்சிறு சூத்திரம், மருதமுனையின் நெசவாளர்க்கு விளக்கம் தேவையில்லாத ஒன்று.

இச்சூத்திரத்தைச் சைக்கிளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். மகன் ஓடிய வண்டியைத் தந்தை ஓடும்போது சீற்றின் உயரத்தை மாற்றுவோர் எத்தனை பேர்? சீற் தாழ்ந்திருந்தால் முழங்கால் கூடுதலாக மடியும், சிரட்டையின் பின்புறம் அழுத்தம் கூடும், நோவு மிகும். மிதி அடியில் நிற்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும் உயரமே ஏற்றது. மணிக்கட்டு நோவோர் கைபிடியில் பழைய டியூபையோ துணியையோ தடிப்பாகச் சுற்றினால் இறுக்கிப் பிடிக்கவேண்டிய தேவை குறையும். இரும்புக் கம்பிப் பிறேக் விரலுக்குப் பாரமாயின், கேபிள் பிறேக் இலகுவானது. கச்சான் வீசும் மாதங்களில் மேற்கே வட்டைக்குச் செல்வோர்க்குப் போகும் வழியில் எதிர்காற்று, மீளும் வழியிற் பின்காற்று. களைத்தவரைக் காற்றே வீட்டிற் சேர்க்கும். கடற்காற்று வீசும் மாலையில் இது நேர்மாறாகும். ஆதலால் அந்நாளில் வட்டைக்குரிய தூரத்தைக் குறைத்துக்கொள்ளல் அறிவுடைமை. இவையெல்லாம் பெருஞ்செலவு வேண்டாதவை. தெருமுனைச் சைக்கிள் திருத்தும் கடைக்காரர் அரைமணி நேரத்திற் செய்யத்தக்கவை.

ஆயின் இவற்றுள் ஒன்றைச் செய்வதற்கு மட்டும் ஆண்கள் முன்வருவதில்லை. நடுச்சட்டம் இல்லாத பெண்கள் சைக்கிளில் ஏறுவதற்குக் காலை உயரத் தூக்கவேண்டியதில்லை. நோவுள்ள முழங்காலுக்கும் இடுப்புக்கும் அதைவிட உகந்த வண்டி இல்லை. “மகளின் சைக்கிளில் வாப்பா போகிறார்” எனத் தெருவிற் சிரிப்பரோ என்னும் அச்சம் அவ்வண்டியைத் தொடவிடுவதில்லை. மூட்டை விட மானமே முதலில் இறுகிவிட்டது போலும்.

பெண்களின் நிலையோ வேறு. நாட்பட்ட நோவு அவர்களிடத்தே மிகுதி என முன்னர்க் கூறப்பட்டது. ஆயினும் ‘நோவினாற் சைக்கிளோட்டம் நின்றது’ என்னும் துயரக் கதையிற் பெண் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஏனெனிற் பள்ளிக்கூடம் முடிந்ததோடு அவளுடைய சைக்கிள் பல வீடுகளில் நின்றுவிடுகின்றது. நோவு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவளுக்கு ‘விட்டுவிடு’ என்னும் தீர்ப்பு வழங்கப்பட்டாயிற்று. அரிசி கழுவும்போதும், தேங்காய் துருவும்போதும், பிள்ளையைத் தூக்கும்போதும் அவள் மணிக்கட்டு நோவதை ‘வேலை’ என்னும் சொல் மூடிவிடுகின்றது. அவளுக்கு ஓய்வு கூறுவாரும் இல்லை. உல்லாசம் கூறுவாரும் இல்லை.

இங்கேதான் இத்தீர்ப்பின் உண்மையான முகம் வெளிப்படுகின்றது. மாலைச் சைக்கிளை விட்டுவிடுமாறு அறிவுரை பெற்ற அதே மனிதர், காலையில் கரியரில் அரிசி மூடையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகின்றார். அதனைத் தடுப்பார் இல்லை. பின்னால் மீன்பெட்டி கட்டிய வண்டியைச் சுப்ஹோடு எடுத்துக் கடற்கரையிலிருந்து சம்மாந்துறைவரை தெருத்தெருவாய் மிதிக்கும் வியாபாரியின் முழங்காலைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. பாரத்தோடு மிதித்தாற் தேயாத மூட்டு, வெறுமையாக மிதித்தாற் தேய்ந்துவிடுமா? உழைப்புக்காக நோவைத் தாங்கலாம், மகிழ்ச்சிக்காகத் தாங்கலாகாது என்பதே இத்தீர்ப்பின் மறைபொருள். அது காக்க முற்படுவது மூட்டையன்று. எளியவனின் உடல் உழைப்பதற்கு மட்டும் உரியது, இன்புறுதற்கு உரியதன்று என்னும் பழைய எண்ணத்தையே அது காக்கின்றது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நாட்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தபோது, சைக்கிளைப் பழசென்று ஒதுக்கியோரும் அதனைத் தேடி எடுத்தனர். அப்போது ஐம்பது வயதினரையும் அறுபது வயதினரையும் ‘மூட்டுத் தேயும்’ என எவரும் தடுக்கவில்லை. தேவை வந்தபோது மருத்துவ அறிவுரை மறைந்துவிட்டது. தேவை போனபோது அது திரும்பிவந்துவிட்டது.

எனவே வேண்டப்படுவன யாவை? நாட்பட்ட மூட்டு நோவோடு வருவோரிடம் ‘என்ன நோகிறது?’ என்பதோடு ‘எதனைச் செய்யமுடியாது போயிற்று?’ என்றும் மருத்துவர் வினவுதல் வேண்டும். அவ்விரண்டாம் வினாவுக்கு ‘மாலையிற் சைக்கிள்’ என்பது விடையாயின், அதனைச் சிரித்துத் தள்ளாது சிகிச்சையின் இலக்காகவே குறித்துக்கொள்ளல் வேண்டும். மூட்டை அசைக்கக் கற்பிக்கும் இயன்மருத்துவம் பெரிய வைத்தியசாலைகளோடு நின்றுவிடாது ஊர்களின் சிற்றாஸ்பத்திரிகளையும் எட்டுதல் வேண்டும். தோட்டத்துச் சிரட்டையும் டயரும் பீப்பாயும் வாரமொருமுறை கவிழ்க்கப்படல் வேண்டும். நோவுக்கு ஆறுதல் கூறுவதினும் அதன் மூலத்தைக் கவிழ்ப்பது மேலானது. பேருந்தும் லொறியும் விரையும் பிரதான வீதியின் ஓரத்தில், மெதுவாகச் செல்லும் வண்டிக்கு அச்சமின்றி இடம் கிடைத்தல் வேண்டும். ஏனெனில் நோவுள்ளவர் திடீரென ஒதுங்கவும் குதித்திறங்கவும் இயலாதவர்.

இவையனைத்துக்கும் மேலாகத் தோழர்க்கு ஒரு கடமை உண்டு. அரசையோ வைத்தியசாலையையோ காத்திராது இன்று மாலையே செய்யத்தக்கது அது. கூட்டத்தின் வேகத்தை அதிற் பின்தங்கியவரின் வேகமாக்குதல் வேண்டும். தொழுகையில் இமாமாக நிற்பவர், பின்னால் முதியோரும் நோயாளரும் உளர் என்பதை எண்ணிச் சுருக்கமாகத் தொழுவித்தல் வேண்டும் என்பது கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். அவ்வொழுக்கம் பள்ளிவாசற் படியோடு முடிந்துவிடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. நோவுள்ளவரின் வீட்டு வாசலில் மாலையில் மணியடித்து, “இன்று எவ்வளவு தூரம்?” எனக் கேட்பதே போதும். தெருமுனைவரை என்றால் தெருமுனைவரை. அங்கிருந்து திரும்பி அவர் வீட்டுத் திண்ணையிற் கதைத்திருந்தால், ஊர்ச்செய்தி அவரை வந்தடையும். அவர் ஊரை விட்டு விலகமாட்டார்.

நோவு நாளை போய்விடும் என்று எவரும் வாக்களிக்க முடியாது. சிலர்க்கு மாதங்களிற் போகலாம். சிலரிடத்து ஆண்டுகள் தங்கலாம். ‘சுகமான பின் வாழலாம்’ என்போர்க்கு, அச்சுகம் வரும்வரை உள்ள நாட்களெல்லாம் எவர் கணக்கில் எழுதப்படுவன என்னும் வினாவுக்கு விடையில்லை. அந்நாட்களும் வாழ்நாட்களே. சுவரிற் சாத்தப்பட்டுக் கறளேறும் ஒவ்வொரு வண்டியும், நோவின் வெற்றியைவிட, சுற்றியுள்ளோரின் அவசரத் தீர்ப்பையே காட்டிநிற்கின்றது. அத்தீர்ப்பு மாற்றி எழுதப்படல் வேண்டும். ‘விட்டுவிடு’ என்பதன் இடத்தில் ‘மெதுவாக வா’ என்பது எழுதப்படுமாயின், கல்முனைக் கரையின் மாலை வீதியிற் சில வண்டிகள் கூடும். அவற்றின் வேகமும் சற்றுக் குறையும். அவ்வேகக் குறைவால் எவருக்கும் நட்டமில்லை; கடல் அங்கேயே இருக்கும்.